இடி விபத்தும் அதினின்று தப்பும் வழியும்

விருதுநகர் ஜில்லாவின் கரிசல் பூமியில் மழை என்பது எதிர்பார்த்திருந்து பெறும் பாக்கியமாகும். சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்றியதற்கு வானத்தின் இவ்வறட்சியே ஒரு முக்கிய காரணமாயிற்று. 1922-ம் வருஷத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்து தம் ஊரில் தொழிலைத் தொடங்கியபோது, மருந்து தோய்த்த குச்சிகள் விரைவில் காய்வதற்கு ஏற்ற வெயில் அவ்வூரில் குறைவின்றி இருந்தது. மழை அருமையாயுள்ள இடத்தில், மேகம் திரண்டால் ஜனங்கள் மகிழ்ச்சியுடன் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்களேயன்றி, அதனுள் அபாயம் இருப்பதாக எண்ணுவது வழக்கமில்லை. ஆயினும் மழையைத் தரும் அதே மேகந்தான் இடியையும் தாங்கி வருகிறது.

இந்தியாவில் வெள்ளம், புயல், வெப்பம் முதலிய இயற்கைச் சக்திகளால் நேரும் மரணங்களுள் அதிகமானவை இடி தாக்கியதால் நேருகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ம் வருஷத்தில் இயற்கைச் சக்திகளால் இறந்தவர்கள் 8,060 பேர். அவர்களுள் இடியால் இறந்தவர்கள் 2,887 பேர். அஃதாவது நூற்றுக்கு 35-க்கு மேல். இவ்வாறு இறப்பவர்களுள் பெரும்பாலோர் வயல்களிலும் மேய்ச்சல் தரைகளிலும் திறந்த வெளிகளிலும் வேலை செய்யும் கிராமவாசிகளேயாவர். 2025-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கடலூர் ஜில்லாவில் வேப்பூரை அடுத்த கழுதூரில், மக்காச்சோளக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண்களுள் 4 பேர் இடி தாக்கி மாண்டனர். மானாவாரி மக்காச்சோளமும் பெண்கள் கூட்டமாய்ச் செய்யும் களையெடுப்பும் விருதுநகர் ஜில்லாவிலும் உள்ளவையே.

இந்த ஜில்லாவில் இவ்விஷயத்துக்குத் தனியான முக்கியத்துவம் ஒன்று உண்டு. மானாவாரி நிலங்களில் புரட்டாசிப் பட்டத்தில் விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் களை எடுக்கிறார்கள். பட்டாசுத் தொழிற்சாலைகளில் தீபாவளியை முன்னிட்டு ஆவணி, புரட்டாசி மாதங்களில் வேலை மும்முரமாகிறது. இதே மாதங்களில்தான் பிற்பகல் நேரத்தில் இடிமேகங்கள் திரளுகின்றன. சித்திரை வைகாசியில் வரும் கோடை மழையும் இடியின்றி வருவது அபூர்வம். ஆகவே, அதிகமான ஆட்கள் வெளியில் நிற்கும் காலமும் இடி விழும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

மின்னலும் இடியும்

உயரமாக எழும்பும் மழைமேகத்தினுள் பனித்துகள்களும் நீர்த்துளிகளும் பலமான காற்றினால் ஒன்றோடொன்று உராய்ந்து மோதுகின்றன. இதனால் மேகத்தின் மேற்பகுதியில் ஒருவகை மின்சாரமும் அடிப்பகுதியில் அதற்கு எதிரான மின்சாரமும் சேருகின்றன. இவ்வாறு சேர்ந்த மின்சாரம் காற்றின் தடையைப் பிளந்துகொண்டு பூமிக்குப் பாயும்போது உண்டாகும் வெளிச்சமே மின்னல். அது பாயும் வழியிலுள்ள காற்று ஒரு கணத்தில் சுமார் 30,000 டிகிரி வரை சூடேறி வெடித்து விரிகிறது, அவ்வோசையே இடி. எனவே மின்னலும் இடியும் ஒரே நிகழ்ச்சியின் ஒளியும் ஒலியுமேயன்றி வேறல்ல. ஒரு சாதாரண மின்னலில் சுமார் 30,000 ஆம்பியர் மின்சாரம் பாய்கிறது. வீட்டில் ஒரு விளக்கு எரிவதற்கு ஒரு ஆம்பியரிலும் குறைவாகவே வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் இதன் வேகம் விளங்கும்.

மின்னல் பூமியை நெருங்கும்போது, சுற்றுவட்டாரத்தில் உயர்ந்து நிற்கும் பொருளை நாடுகிறது. மரம், கோபுரம், மின்கம்பம், கண்மாய்க் கரை ஆகியவை உயர்ந்தவை. மரமொன்றுமில்லாத கரிசல் காட்டின் நடுவில் நிற்பவன் எத்துணைக் குள்ளனாயினும் அவ்விடத்தில் உயர்ந்த பொருள் அவனே.

இரும்பு இடியை இழுக்கும் என்னும் எண்ணம் ஜனங்களிடையே பலமாக உள்ளது. கையிலுள்ள அரிவாளோ, களைகொத்தியோ, தூக்குவாளியோ தூரத்தில் விழும் இடியைத் தம்மிடம் இழுப்பதில்லை. கைப்பேசியும் அவ்வாறே. இடத்தின் உயரமும் ஆளின் தனிமையுமே இடியை வரவழைப்பவை. ஆகையால் கருவிகளை மறைத்து வைப்பதில் காலங்கழிப்பதைவிட அவற்றை விழுந்த இடத்தில் விட்டுவிட்டு விரைவில் தஞ்சம் புகுவதே மேல். ஆனால் முள்கம்பி வேலி, நீண்ட குழாய் போன்றவற்றைத் தொடலாகாது. வெகு தூரத்தில் வேலியின்மீது விழும் இடியும் கம்பி வழியே ஓடி வந்து தொட்டவனைத் தாக்கும்.

இடி ஆளைத் தாக்கும் வகைகள்

இடி நேராகத் தலையில் விழுந்தால்தான் ஆபத்து என்று கருதுவது தவறு. நேராகத் தாக்கப்படுகிறவர்கள் மிகச் சிலரே. மற்ற வழிகளை அறிந்தால்தான் எவ்விடம் தஞ்சம், எவ்விடம் தஞ்சமன்று என்பது தெளிவாகும்.

முதலாவது, மரத்தின்மீது விழும் இடி அடிமரம் வழியே இறங்கும்போது, மரத்தைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், பக்கத்தில் நிற்பவன்மீது தாவுகிறது. மழைக்கு ஒதுங்கி மரத்தடியில் நிற்பவர்கள் இவ்விதமே மாளுகின்றனர்.

இரண்டாவது, இடி விழுந்த இடத்திலிருந்து மின்சாரம் தரையின் வழியே நாற்புறமும் பரவுகிறது. ஒருவனுடைய இரு கால்களும் அகன்றிருந்தால், ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கிச் செல்கிறது. இடியால் நேரும் மரணங்களிலும் காயங்களிலும் பெரும்பகுதி இதனால் விளைபவை. கால்நடைகளுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தூரம் அதிகம். நடுவில் இதயம் இருக்கிறது. மரத்தடியில் ஒண்டிய ஆட்டு மந்தை முழுவதும் ஒரே இடியில் மாள்வதற்குக் காரணம் இதுவே. ஈரமான மண்ணில் படுத்துக்கொள்வது தவறு என்பதும் இதனால் விளங்கும். படுத்தவனுடைய தலைக்கும் காலுக்கும் இடையே அவ்வளவு தூரம் ஏற்பட்டுவிடுகிறது.

மூன்றாவது, குழாய், மின்கம்பி, வேலி ஆகியவற்றைத் தொட்டிருப்பவனை அவற்றின் வழியே வரும் மின்சாரம் தாக்குகிறது. நான்காவது, இடி இறங்குமுன் தரையிலுள்ள உயர்ந்த பொருள்களிலிருந்து மேல்நோக்கி எழும் மின்கீற்றுகள், இடி வேறிடத்தில் விழுந்தாலும், தாம் எழும்பிய ஆளைச் சேதப்படுத்தும்.

காலில் ரப்பர் செருப்பு இருந்தால் பயமில்லை என்று நம்புவோர் உளர். பல நூறு அடி காற்றைப் பிளந்து வந்த மின்சாரத்துக்கு அரை அங்குல ரப்பர் ஒரு தடையாகாது.

புறப்பட வேண்டிய வேளை

திறந்த வெளியில் இடிக்குத் தப்பும் இடம் ஒன்றுமில்லை என்பதே இக்கட்டுரையில் அறிய வேண்டிய முதல் உண்மை. எனவே தற்காப்பு என்பது வெளியில் நின்றபடி செய்யும் உபாயத்தில் இல்லை. காலத்தில் புறப்படுவதிலேயே இருக்கிறது.

ஒலி ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 3 வினாடி செல்லும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடியோசை கேட்கும்வரை எண்ணிய வினாடிகளை 3-ஆல் வகுத்தால் இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்பது தெரியும். 30 வினாடிக்குள் ஓசை கேட்டால் இடி 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இடிமேகமானது தான் மழை பெய்யும் இடத்துக்கு 10 கிலோமீட்டர் அப்பாலும், சில சமயங்களில் அதற்கு மேலும், இடியை வீசக்கூடும். மழை மேற்குத் தொடர்ச்சி மலையோரம் இராஜபாளையத்தில் பெய்துகொண்டிருக்க, வெயிலடிக்கும் பக்கத்து வயலில் இடி விழுதல் கூடும். ஆகவே கணக்குப் பார்த்து இன்னும் நேரமிருக்கிறது என்று நிற்பது உசிதமன்று. இடியோசை காதில் விழுந்தாலே இடி எட்டும் தூரத்தில் வந்துவிட்டது என்று கொள்ளவேண்டும். முதல் தூறலுக்குக் காத்திருப்பவன் பெரும்பாலும் காலங்கடந்தே புறப்படுகிறான்.

திரும்பிச் செல்லும் வேளையும் அவ்வாறே முக்கியமானது. மழை நின்றதும் வயலுக்குத் திரும்புவது சரியன்று. கடைசியாக இடியோசை கேட்டபின் 30 நிமிஷம் கழித்தே வெளியே வரவேண்டும்.

இடி முழங்கும்போது "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் வெகுகாலமாக உள்ளது. சிவகாசிப் பக்கத்தில் ஓடி இருக்கன்குடியில் வைப்பாற்றுடன் கலக்கும் நதிக்கும் அர்ஜுனா நதி என்றே பெயர். இவ்வழக்கத்தை நகைக்க வேண்டிய அவசியமில்லை. வாய் அப்பெயரைச் சொல்லும்போதே கால்கள் கட்டடத்தை நோக்கி நடந்தால், பெரியோர் வைத்த வழக்கம் இக்காலத்துக்கும் ஏற்ற எச்சரிக்கை மணியாகும்.

தஞ்சமாவதும் ஆகாததும்

சுவரும் கூரையும் உள்ள, மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் பொருத்திய பெரிய கட்டடம் நல்ல தஞ்சம். அதன்மீது இடி விழுந்தாலும் கம்பிகளும் குழாய்களும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும். பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம், சங்கக் கட்டடம், காரை வீடு ஆகியவை இவ்வகையின. ஆனால் உள்ளே இருப்பவர்கள் குழாயில் கைகழுவுவதும், மின்சாரக் கருவிகளையும் கம்பியுள்ள தொலைபேசியையும் தொடுவதும், சுவரில் சாய்வதும், கான்கிரீட் தரையில் படுப்பதும், வாயிற்படியில் நின்று மழையை வேடிக்கை பார்ப்பதும் கூடாது.

முழுவதும் மூடிய உலோகக் கூடுடைய பஸ், கார், வேன், லாரியின் முன்னறை ஆகியவையும் தஞ்சமாகும். இவற்றைக் காப்பது சக்கரத்தின் ரப்பர் அன்று. வெளிக்கூடு மின்சாரத்தைத் தன்மீதே ஓடவிட்டு மண்ணில் இறக்கிவிடுகிறது. கண்ணாடிகளை ஏற்றி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். டிராக்டர், மாட்டு வண்டி, மோட்டார் சைக்கிள், சைக்கிள், திறந்த ஆட்டோ இவை தஞ்சமல்ல.

களத்து மேட்டுப் பந்தல், நான்கு கால் தகரக் கொட்டகை, சுவரில்லாத பஸ் நிழற்குடை, வயலில் தனித்து நிற்கும் காவல் குடிசை ஆகியவை மழையைத் தடுக்குமேயன்றி இடியைத் தடுக்கா. கிணற்றடி மோட்டார் அறையில் பலர் நெருங்கி நிற்பது வழக்கம். மும்முனை மின்கம்பி நேரே உள்ளே வரும் அச்சிறு அறையில் சுவிட்சுப் பலகையையும் மோட்டாரையும் ஒட்டி நிற்பது மிக்க அபாயம்.

கோபுரத்தின் உச்சியிலுள்ள செப்புக் கலசமே இடியைத் தாங்கிக்கொள்ளும் என்று சொல்வதுண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் இராஜகோபுரம் போன்று 190 அடி உயர்ந்த கட்டடம் இடியைத் தன்பால் ஏற்கும் என்பது உண்மை. ஆனால் ஏற்ற இடியை மண்ணுக்கு இறக்குவதற்குத் தடித்த உலோகப் பட்டையொன்று உச்சியிலிருந்து பூமிக்குள் இணைந்திருந்தாலன்றிக் கலசத்தால் மட்டும் பயனில்லை. உயரமான இடத்தில் நிற்பதன் விளைவை 2021-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி ஜெய்ப்பூரை அடுத்த ஆமேரில் கண்டனர். கோட்டைக்கருகிலுள்ள காவற்கோபுரத்தில் மழையின்போது நின்றவர்களுள் 11 பேர் இடி விழுந்து மாண்டனர்.

பனைமரத்தைப் பற்றி

இந்த ஜில்லாவின் வரப்புகளிலும் கண்மாய்க் கரைகளிலும் நிற்கும் பனை, உயரத்தாலும் தன்னுள் அடங்கிய ஈரத்தாலும் இடியை ஏற்றுக்கொள்ளும் மரமாகும். இக்காரணம் பற்றியே, 2016-ல் இடியை இயற்கைப் பேரிடராக அறிவித்த வங்காள தேசம் லட்சக்கணக்கில் பனங்கொட்டைகளை நடுவித்தது. ஒடிசா மாகாணமும் பின்னர் இம்முயற்சியில் இறங்கியது. 2023-ம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி அம்மாகாணத்தில் 2 மணி நேரத்தில் 61,000 மின்னல்கள் பதிவாயின. அன்று இடியால் 12 பேர் இறந்தனர்.

ஆனால் இதனைத் தவறாகப் புரிந்துகொள்ளலாகாது. பனை காப்பது தூரத்தில் இருப்பவனையேயன்றித் தன் அடியில் நிற்பவனை அன்று. இடியைத் தான் ஏற்றுக்கொள்வதே அதன் உபகாரம். ஆகவே அதன் அடிமரம் இடி இறங்கும் வழியாகும். பனையானாலும், புளியானாலும், வேம்பானாலும், ஆலானாலும், தனித்த மரத்துக்கு அதன் உயரத்தைப்போல் இருமடங்கு தூரமாவது விலகியிருக்க வேண்டும். பதநீர் இறக்கும் தொழிலாளர் தூரத்து இடியோசை கேட்டவுடன் மரத்தைவிட்டு இறங்கிவிட வேண்டும்.

வெளியில் அகப்பட்டுக்கொண்டால்

கட்டடமோ மூடிய வண்டியோ எட்டாத தூரத்தில் அகப்பட்டவர்கள் செய்யக்கூடியது அபாயத்தைக் குறைப்பது ஒன்றே. கண்மாய்க் கரை, மேடு, பாறை முதலிய உயர்ந்த இடங்களைவிட்டுத் தாழ்ந்த இடத்துக்கு இறங்க வேண்டும். கண்மாய்த் தண்ணீரிலும் கிணற்றிலும் இறங்கியிருப்பவர் உடனே வெளியேற வேண்டும். குடையை விரித்துப் பிடிக்கலாகாது. வேலிக்கருவைப் புதர் போன்று ஒரே மட்டமாயுள்ள தாழ்ந்த செடிகளுக்கிடையே நடந்து செல்வது தனிமரத்தடியில் நிற்பதைவிட நல்லது. எங்கும் நில்லாமல் தஞ்சமுள்ள திசையில் போய்க்கொண்டேயிருப்பதுதான் முறை.

உடல் சிலிர்த்து மயிர் குத்திட்டு நின்றால், அல்லது பக்கத்திலுள்ள உலோகம் சீறும் ஓசை கேட்டால், இடி அங்கேயே விழப்போகிறது என்பது பொருள். அப்போது இரு பாதங்களையும் சேர்த்து வைத்துக் குந்தி, தலையைக் குனிந்து, காதுகளைப் பொத்திக்கொள்ள வேண்டும். கைகளைத் தரையில் ஊன்றலாகாது; படுக்கலாகாது. இது வேறு கதியில்லாதபோது செய்வதேயன்றி, தஞ்சம் புகுவதற்கு ஈடாகாது.

கூட்டமாக இருப்பவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்பது இயல்பு. ஆனால் ஒரு இடியில் அத்தனைபேரும் விழுவதற்கு அதுவே காரணமாகிறது. ஆளுக்கு ஆள் 50 அடிக்குக் குறையாமல் விலகி நடந்தால், ஒருவர் விழுந்தாலும் மற்றவர்கள் அவருக்கு உதவ முடியும்.

பட்டாசுத் தொழிற்சாலைகளில்

வெடிமருந்தும் இடியும் சேர்ந்தால் விளையும் கேட்டை உலகம் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. 1769-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்துப் பிரேசியா நகரில், தேவாலயமொன்றில் சேமித்திருந்த வெடிமருந்தின்மீது இடி விழுந்து நகரத்தின் ஒரு பகுதி அழிந்தது. ஏராளமான ஜனங்கள் மாண்டனர். இதனால் கவலையுற்ற ஆங்கில சர்க்கார், பர்ஃப்ளீட் என்னுமிடத்திலிருந்த தங்கள் மருந்துக் கிடங்குகளைக் காப்பதற்கு 1772-ல் விஞ்ஞானிகளின் யோசனையைக் கேட்டனர். இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளினும் அவர்களுள் ஒருவர். அவர்கள் சொல்லியபடி இடிதாங்கிகள் வைக்கப்பட்டன. இந்தியாவிலும் வெடிபொருள் விதிகள் மருந்துக் கட்டடங்களுக்கு இடிதாங்கி வைக்க வேண்டுமென்றும், அவை சரியாயிருக்கின்றனவா என்று வருஷந்தோறும் சோதிக்க வேண்டுமென்றும், இடிமழை நெருங்கும்போது ஆட்களை வெளியேற்ற வேண்டுமென்றும் விதிக்கின்றன.

இடிதாங்கி கட்டடத்தைக் காப்பது. முற்றத்தில் நிற்பவனை அன்று. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதித் தொழிற்சாலைகளில் மருந்து செலுத்திய சரக்கைத் திறந்த மேடைகளில் வெயிலில் காயவைக்கிறார்கள். மேகம் கறுத்ததும் சரக்கு நனைந்துவிடுமே என்று ஆண்களும் பெண்களும் மேடைக்கு ஓடி அவசர அவசரமாக அள்ளுகின்றனர். இவ்வேளையில் மூன்று அபாயங்கள் ஒன்றுசேர்கின்றன: ஆட்கள் வெட்டவெளியில் இருக்கிறார்கள், கையில் மருந்து இருக்கிறது, அவசரத்தில் உராய்வும் அதிர்ச்சியும் நேருகின்றன. அள்ளிய சரக்கை அளவுக்கு மீறி ஒரே அறையில் அடுக்குவது நான்காவது அபாயம். அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தில் ஈரம்பட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதையும் தொழிலாளர் அறிவர்.

இதற்குப் பரிகாரம், இடி கேட்டபின் விரைவாக அள்ளுவது அன்று. இடி கேட்குமுன் அள்ளி முடிப்பது. இடிமழை வரும் என்று அறிவிப்புள்ள நாளில் பிற்பகலுக்கு முன்பே சரக்கை எடுத்துவிட வேண்டும். அல்லது அன்று காயவைக்கும் அளவைக் குறைக்க வேண்டும். இடியோசை கேட்டுவிட்டால் மேடையிலுள்ளதை அப்படியே விட்டு, மருந்தில்லாததும் மருந்தறைகளுக்குத் தூரத்திலுள்ளதுமான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். மருந்தறைக்குள்ளோ அதன் தாழ்வாரத்திலோ மழைக்கு ஒதுங்குவது ஒருபோதும் கூடாது. நனைந்த சரக்கின் விலையைக் கணக்கிடலாம். உயிரைக் கணக்கிட முடியாது.

இடி தாக்கியவர்க்கு முதலுதவி

இடி தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. அவரைத் தொட்டால் தொட்டவருக்கும் அதிர்ச்சி உண்டாகும் என்று அஞ்சி விலகி நிற்பதால் அநேக உயிர்கள் வீணாகின்றன. இடி தாக்கப்பெற்றவர்களுள் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கின்றனர். இறப்பவர்கள் பெரும்பாலும் இதயமும் சுவாசமும் நின்று இறப்பவர்களே. நின்ற இதயம் சில சமயம் தானே மறுபடி துடிக்கத் தொடங்கும். ஆனால் சுவாசம் திரும்பத் தாமதமாகும்; அவ்விடைவேளையில் காற்று கிடைக்காமையால் மீண்டும் இதயம் நின்றுவிடும். அவ்விடைவேளையில் செய்யும் உதவியே உயிரை மீட்கும்.

ஆகவே பலர் விழுந்திருந்தால், முனகுபவரையும் அலறுபவரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவர்கள் சுவாசிக்கிறார்கள். அசைவின்றிப் பிணம்போல் கிடப்பவரையே முதலில் கவனிக்க வேண்டும். அவரை மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடியை வைத்து, மற்றொரு கையை அதன்மேல் வைத்து, முழங்கையை மடக்காமல், 2 அங்குல ஆழம் அமுங்கும்படி நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 30 அழுத்தலுக்கு 2 முறை, மூக்கைப் பிடித்து வாயோடு வாய்வைத்துக் காற்றை ஊத வேண்டும். ஒருவர் களைத்தால் மற்றொருவர் தொடர வேண்டும். இதற்கிடையில் வேறொருவர் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். இடி இன்னும் விழுந்துகொண்டிருந்தால் முதலில் அடிபட்டவரைத் தாழ்ந்த இடத்துக்கோ கட்டடத்துக்கோ கொண்டுபோவது நலம்.

அடிபட்டவரைச் சாணத்திலோ மண்ணிலோ புதைத்து வைக்கும் வழக்கம் இந்தியாவின் சில பாகங்களில் இருந்து வருகிறது. அதனால் நன்மை ஒன்றுமில்லை. மார்பை அழுத்த வேண்டிய பொன்னான நிமிஷங்கள் வீணாவதே மிச்சம். எழுந்து நடமாடுகிறவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். காது, கண், நரம்பு, இதயம் ஆகியவற்றின் கெடுதி பின்னரே தெரியவரும்.

கூட்டுறவுச் சங்கம் செய்யக்கூடியது

இவையெல்லாம் தெரிந்தும் ஜனங்கள் வெளியில் நிற்பதேன்? அறியாமை மட்டும் காரணமன்று. களையெடுக்கும் பெண் பாதி வேலையில் புறப்பட்டால் பாதிக் கூலி போய்விடும் என்று அஞ்சுகிறாள். கிடை போட்டவன் ஆடுகளை விட்டு வர மனமின்றி நிற்கிறான். களத்தில் கம்பையோ மக்காச்சோளத்தையோ காயவைத்தவன் அது நனைவதைக் காணச் சகியாமல் ஓடுகிறான். ஒவ்வொருவனும் ஒரு சிறு நஷ்டத்துக்கு அஞ்சிப் பெருநஷ்டத்தின் வாயில் நிற்கிறான். தனியொருவனால் தாங்க முடியாத அச்சிறு நஷ்டத்தைப் பலர் சேர்ந்து எளிதில் தாங்கலாம். கூட்டுறவின் தத்துவமே இதுதான்.

ஆகையால் சங்கங்கள் பின்வரும் காரியங்களை மேற்கொள்ளலாம்:

1. சங்கக் கிடங்கையும் அலுவலகத்தையும் இடிமழை வேளையில் யாவருக்கும் திறந்துவிட ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்தல். சாவியை எளிதில் கிடைக்கும்படி வைத்தல். கட்டடத்தில் இடிதாங்கி பொருத்தி வருஷந்தோறும் சோதித்தல்.

2. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் அமைத்த தாமினி என்னும் கைப்பேசிச் செயலி, சுற்றுவட்டாரத்தில் 20 முதல் 40 கிலோமீட்டர் தூரத்துக்குள் விழும் மின்னலைக் காட்டுகிறது. களையெடுப்புக் கூட்டம் ஒவ்வொன்றிலும் ஒருவருடைய கைப்பேசியிலாவது இது இருக்கச் செய்தல். அறிவிப்பு வந்ததும் சங்கத்தின் ஒலிபெருக்கியிலோ கோயில் மணியாலோ ஊருக்குத் தெரிவித்தல்.

3. இடியினால் வேலை நின்ற நேரத்துக்குக் கூலியைப் பிடிப்பதில்லை என்று நிலமுடையோரும் வேலை செய்வோரும் சங்கக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டு தீர்மானம் எழுதிவைத்தல். போகச் சொல்லும் அதிகாரத்தைக் கூட்டத்திலுள்ள மூத்த பெண் ஒருத்திக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுதல்.

4. காயும் தானியத்தை மூட ஒருவரே சில நிமிஷத்தில் விரிக்கக்கூடிய தார்ப்பாய்களைச் சங்கத்தில் வாங்கி வாடகைக்கு விடுதல்.

5. வருஷத்துக்கு 20 ரூபாய் செலுத்தினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் அளிக்கும் பிரதம மந்திரியின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில், 18 முதல் 70 வயது வரையிலான அங்கத்தினர் யாவரையும் வங்கிக் கணக்கின் மூலம் சேர்த்தல். இடியால் ஒருவர் இறந்தால் போலீஸ் புகாரும் பிரேத பரிசோதனைச் சான்றும் இன்றி நிவாரணம் பெறுதல் அரிது. துக்கத்தில் இவற்றை மறந்துவிடும் குடும்பத்துக்குச் சங்கம் துணைநின்று கிராம நிர்வாக அலுவலர் மூலம் சர்க்கார் உதவியைப் பெற்றுத் தருதல். கால்நடை இறந்தாலும் கால்நடை மருத்துவரின் சான்றை உடனே வாங்குதல்.

6. முதலுதவி முறையை வருஷத்துக்கு ஒருமுறையாவது, ஆவணி மாதத்திலேயே, அரசு மருத்துவமனையாரைக் கொண்டு அங்கத்தினர்களுக்குச் செய்துகாட்டச் செய்தல்.

இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. மூன்றாவது காரியத்துக்குக் காசே வேண்டியதில்லை. ஆயினும் அதுவே யாவற்றினும் முக்கியமானது. கூலி போகாது என்ற தைரியம் இருந்தால், முதல் இடியோசையிலேயே களைகொத்தியைக் கீழே போட்டுவிட்டு அத்தனை பேரும் புறப்படுவார்கள். மழை பெய்து ஓய்ந்து, கடைசி இடி கேட்டு அரைமணி கழிந்தபின், நனைந்த கரிசலில் அதே கைகள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கலாம். களை ஒரு நாள் காத்திருக்கும்.